தெரியாத எண்ணிலிருந்து போன் வருதா? தொல்லை அழைப்பு, கடன் வசூல், மிரட்டல்: எதற்கு எங்கே புகார்?

காலை ஏழரை மணி. அடுப்பில் குக்கர், வாசலில் ஸ்கூல் வேன். அந்த நேரம் பார்த்து தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால் பதிவு செய்த குரல்: "உங்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை பர்சனல் லோன் தயார்." கட் பண்ணி வைத்ததும் அடுத்தது: "உங்க தவணை மூணு நாள் லேட் ஆயிடுச்சு. இன்னைக்கே கட்டுங்க." சற்று நேரத்தில் இன்னொன்று: "உங்கள் சிம் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும். மேலும் அறிய 9-ஐ அழுத்தவும்."

மூன்றுமே தொல்லைதான். ஆனால் முதலாவது விளம்பரம், இரண்டாவது கடன் வசூல், மூன்றாவது மோசடி. மூன்றுக்கும் விதிகள் வேறு, புகார் செய்யும் இடமும் வேறு. இது தெரியாததால்தான் பலர் மூன்றுக்கும் ஒரே வேலையைச் செய்கிறோம்: எண்ணை பிளாக் செய்கிறோம். மறுநாள் வேறு எண்ணிலிருந்து வருகிறது. கடன் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மிரட்டுகிறவருக்குப் பயந்து, நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர்களும் உண்டு.

இந்தப் பாடத்தில் அழைப்பை எப்படி அடையாளம் காண்பது, என்ன பேசுவது, எங்கே புகார் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம், வாங்க.

படி 1: அழைப்பது யார்?

போனை எடுப்பதற்கு முன் எண்ணைப் பாருங்க.

• 140 என்று தொடங்கினால், அது பதிவு பெற்ற நிறுவனத்தின் விளம்பர அழைப்பு.

• 1600 என்று தொடங்கினால், அது வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் சேவை தொடர்பாகப் பேச ஒதுக்கப்பட்ட வரிசை. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கியும், சேவை அழைப்புக்கு 1600, விளம்பரத்துக்கு 140 என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

• சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால், அந்த அழைப்பே விதிமீறல்.

எஸ்.எம்.எஸ். வந்தால் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனிங்க. ஆங்கில எழுத்து 'பி' இருந்தால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பணப் பரிவர்த்தனை, 'ஜி' அரசு. வங்கி பெயரில் ஒரு செய்தி சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்தால், அதில் உள்ள லிங்கைத் தொடாதீங்க.

படி 2: விளம்பர அழைப்பை நிறுத்துவது எப்படி?

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், இதற்கென ஒரே எண் வைத்திருக்கிறது: 1909. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு, 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விளம்பரத் தடை பதிவாகும். கல்வி விளம்பரம் மட்டும் வரட்டும், ரியல் எஸ்டேட் வேண்டாம் என்று பிரித்துத் தேர்வு செய்யவும் வழி உண்டு. எஸ்.எம்.எஸ். வராது என்றால் 1909-க்கு நேரடியாக அழைக்கலாம். டிராயின் டி.என்.டி. செயலியிலும் பதிவு செய்யலாம்.

பதிவு செய்த பிறகும் அழைப்பு வந்தால் புகார் கொடுங்க. எந்த எண், எந்தத் தேதி, எதைப் பற்றிப் பேசினார்கள் என்ற மூன்று விவரம் போதும். டி.என்.டி. செயலி வழியாகவோ 1909 வழியாகவோ அனுப்பலாம்.

"ஒருத்தர் புகார் பண்ணி என்ன ஆகப் போகுது?" என்று தோன்றும். 2025 பிப்ரவரியில் டிராய் செய்த திருத்தங்களைப் பாருங்க.

• புகார் கொடுக்க முன்பு 3 நாள்தான் அவகாசம். இப்போது 7 நாள்.

• பதிவு பெறாத எண்மீது நடவடிக்கை எடுக்க நிறுவனங்களுக்கு முன்பு 30 நாள் இருந்தது. இப்போது 5 நாள்.

• முன்பு ஒரு எண்மீது 7 நாளில் 10 புகார் சேர வேண்டும். இப்போது 10 நாளில் 5 புகார் போதும்.

• பதிவு பெறாத எண்ணிலிருந்து வரும் விளம்பரத்தைப் பற்றி, டி.என்.டி. பதிவு செய்யாதவரும் புகார் கொடுக்கலாம்.

அதாவது, தேவையான ஐந்து புகார்களில் ஒன்று உங்களுடையது. பிளாக் செய்தால் உங்கள் ஒரு போனில் மட்டும் அந்த எண் நிற்கும். புகார் செய்தால் அந்த எண்ணின் சேவையே நிற்க வாய்ப்பு உண்டு.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருக்கட்டும். டி.என்.டி. விளம்பரத்தை மட்டுமே தடுக்கும். நீங்கள் வாங்கிய கடனுக்கான வசூல் அழைப்பு விளம்பரம் ஆகாது. அதற்கு வேறு விதிகள் இருக்கின்றன.

படி 3: கடன் வசூல் அழைப்பு. எது வரை அனுமதி?

கடன் வாங்கியவர் திருப்பிக் கட்ட வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. கொடுத்தவர் கேட்கவும் உரிமை உண்டு. எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு ரிசர்வ் வங்கி எல்லை போட்டிருக்கிறது. 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வசூல் முகவர்கள் இவற்றைச் செய்யக் கூடாது:

• காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைப்பது

• விடாமல் திரும்பத் திரும்ப அழைத்துத் தொல்லை கொடுப்பது

• வாய்மொழியாகவோ உடல்ரீதியாகவோ மிரட்டுவது

• பெயர் சொல்லாமல் மிரட்டல் அழைப்பு விடுப்பது

• நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது

• குடும்பத்தினர், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களின் அந்தரங்கத்தில் தலையிடுவது

• மொபைலிலோ சமூக ஊடகத்திலோ தகாத செய்தி அனுப்புவது

• பொய்யான தகவல் சொல்லிப் பயமுறுத்துவது

முகவரை நியமித்த வங்கியோ நிதி நிறுவனமோதான் அவர் செயலுக்குப் பொறுப்பு. "அது ஏஜென்சி பண்ணது, எங்களுக்குத் தெரியாது" என்று கை கழுவ முடியாது.

மகளிர் குழுவில் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்கிய சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. ஆண்டுக் குடும்ப வருமானம் ₹3 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் மைக்ரோ ஃபைனான்ஸ் எனப்படும். அதற்கு நேரம் இன்னும் குறைவு. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடுவது, உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொல்லை செய்வது, கடுமையான வார்த்தை பேசுவது ஆகியவற்றுக்கும் தடை உண்டு.

தமிழ்நாட்டில் கூடுதல் பாதுகாப்பும் இருக்கிறது. கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்க, 2025-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தினரையோ மிரட்டுவது, பின்தொடர்வது, பொருளைப் பறிப்பது போன்றவை இதன்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் ₹5 லட்சம் வரை அபராதத்துக்கும் இதில் இடமுண்டு. தனிநபர்களிடம் வாங்கிய கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றுக்கு 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டி தடைச் சட்டம் இருக்கிறது.

"போலீஸ் வரும், ஜெயிலுக்குப் போவீங்க" என்றால்?

வருமானம் குறைந்து தவணை தவறுவது சிவில் விவகாரம். அதற்காக போலீஸ் வந்து கைது செய்யாது. கடன் வசூலிப்பது போலீஸின் வேலையும் இல்லை. 'வாரண்ட்' என்று வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்து நடுங்க வேண்டாம்.

காசோலை பணமில்லாமல் திரும்பினால் மட்டும் கவனமாக இருங்க. அதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போட முடியும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை திரும்பினாலும் சட்டத்தில் இதே போன்ற நடவடிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் காசோலை வழக்கிலும் முதலில் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் வர வேண்டும், பணம் கட்ட 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதன் பிறகே நீதிமன்றம். வக்கீல் நோட்டீஸ் தபாலில் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீங்க. வாங்கிப் படித்து, வழக்கறிஞரிடம் காட்டுங்க. வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவையும் நேரில் அணுகலாம்.

போனில் என்ன பேசுவது?

கோபப்பட்டுத் திட்டினால் அதைப் பதிவு செய்துவிடுவார்கள். பயந்து "நாளைக்குக் கட்டிடறேன்" என்று முடியாத வாக்குக் கொடுத்தால் நாளையும் கூப்பிடுவார்கள். அமைதியாக இந்த நாலு கேள்வி கேளுங்க:

"சார், உங்க பேர் என்ன? எந்த ஏஜென்சி?"

"எந்த வங்கி, எந்தக் கடன் கணக்குக்காகக் கூப்பிடறீங்க?"

"எவ்வளவு பாக்கி? அசல், வட்டி, அபராதம்னு பிரிச்சு எழுத்துல அனுப்புங்க."

"உங்களை நியமிச்ச கடிதத்தை வங்கி மெயில்ல இருந்து அனுப்பச் சொல்லுங்க."

உண்மையான முகவருக்கு இந்தக் கேள்விகளில் சங்கடம் இல்லை. பதில் சொல்லாமல் சத்தம் போட்டால், "நான் வங்கிக்கிட்டயே நேரா பேசிக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். பணத்தை எந்தக் காரணத்துக்காகவும் முகவரின் தனிப்பட்ட யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பாதீங்க. கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டி, ரசீது வாங்குங்க.

தவணை கட்ட முடியாத நிலை என்றால் போனை அணைத்து வைப்பதால் பலன் இல்லை. கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்க: வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாத அவகாசம் வேண்டும். நகலில் சீல் வாங்கி வையுங்க. பிறகு எங்கே புகார் போனாலும் "நான் ஓடி ஒளியலை" என்று காட்ட அந்த ஒரு தாள் உதவும்.

கடன் என்னுடையதே இல்லை என்றால்?

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம்.

முதலாவது, யாரோ உங்கள் எண்ணை ரெஃபரன்ஸாகக் கொடுத்திருப்பார்கள். ரெஃபரன்ஸ் வேறு, ஜாமீன் வேறு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் கடன் பொறுப்பு உண்டு. உங்கள் பெயரை எழுதிக்கொடுத்ததால் மட்டும் ஒரு ரூபாய் கூட நீங்கள் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, பழைய எண். பயன்படுத்தாமல் துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழித்து வேறொருவருக்குப் புதிய சிம்மாகப் போகலாம். பழைய சொந்தக்காரர் வாங்கிய கடனுக்கு உங்களைத் தேடுவார்கள். சிம் வாங்கிய தேதியைச் சொல்லி, எண்ணை நீக்கும்படி வங்கிக்கு மெயில் அனுப்புங்க.

மூன்றாவது, உங்கள் ஆவணத்தை வைத்து யாரோ கடன் வாங்கியிருப்பார்கள். இது கவனிக்க வேண்டியது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தெரியாத கடன் இருந்தால் திருத்தக் கோரிக்கை கொடுங்க. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. கூடவே சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்க.

படி 4: மோசடி அழைப்பும் கடன் செயலி மிரட்டலும்

"9-ஐ அழுத்துங்க" என்ற இயந்திரக் குரலுக்கு எதையும் அழுத்தாதீங்க. டிராய் யாருடைய சிம்மையும் துண்டிப்பதாக போன் செய்வதில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவியுங்க. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

அடுத்து, கடன் செயலிகள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, செயலி உங்கள் கான்டாக்ட் பட்டியல், புகைப்படங்கள், அழைப்பு விவரங்களை எடுக்கக் கூடாது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தளத்தில் இருக்கிறது. கடன் வாங்கும் முன் அதில் தேடிப் பாருங்க.

ஏற்கெனவே சட்டவிரோத செயலியில் சிக்கி, "உங்க போட்டோவை மாத்தி எல்லாருக்கும் அனுப்புவோம்" என்று மிரட்டல் வந்தால்:

• செயலியை நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்க: செயலியின் பெயர், வாங்கிய தொகை, கட்டிய தொகை, மிரட்டல் செய்திகள்.

• பிறகு கான்டாக்ட், கேலரி அனுமதிகளை ரத்து செய்து செயலியை நீக்குங்க.

• மேலும் பணம் கட்டாதீங்க. கட்டினால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும்.

• உறவினர், நண்பர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி அனுப்புங்க: "ஒரு கடன் செயலி என் போன்ல இருந்த நம்பர்களை எடுத்துடுச்சு. என் பேர்ல தப்பான படமோ செய்தியோ வந்தா நம்பாதீங்க, யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. எனக்குச் சொல்லுங்க." அவர்களுக்கு முன்பே தெரிந்துவிட்டால் மிரட்டுகிறவரின் ஆயுதம் மழுங்கிவிடும்.

• 1930-லோ தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ பதிவு செய்யுங்க. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம்.

படி 5: வசூல் தொல்லைக்குப் புகார், வரிசையாக

1. ஆதாரம்: தேதி, நேரம், எண், பேசியது என்று ஒரு நோட்டில் எழுதுங்க. போனில் பேச்சைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் பயன்படுத்துங்க. இதை முடிக்கும் வரை எண்ணை பிளாக் செய்ய வேண்டாம்.

2. கடன் கொடுத்த நிறுவனம்: அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு மெயிலோ கடிதமோ அனுப்புங்க.

3. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்: 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் புகார் மேலாண்மைத் தளத்தில் பதியலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

4. மிரட்டல், ஆபாசம், வீடு தேடி வந்து தகராறு என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே 100 அல்லது 112. குற்ற மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவில் வரும். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்க. பெண்கள் 181-ஐயும் அழைக்கலாம்.

நிறுவனத்துக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கடிதம்:

"ஐயா / அம்மா, என் கடன் கணக்கு எண் ____. உங்கள் சார்பில் பேசுவதாகச் சொன்னவர் ____ எண்ணிலிருந்து ____ தேதி இரவு ____ மணிக்கு அழைத்து, தகாத வார்த்தைகளால் பேசினார். என் உறவினர் ____ அவர்களையும் அழைத்து என் கடன் விவரத்தைச் சொன்னார். இது ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு எதிரானது. இந்த முகவர்மீது நடவடிக்கை எடுத்து, எழுத்துப்பூர்வமாகப் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பாக்கித் தொகையை மாதம் ₹____ வீதம் கட்டத் தயாராக இருக்கிறேன். பதிவுகளும் ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துள்ளேன்."

பயிற்சி: உங்களால் சொல்ல முடியுமா?

1. தனியார் வங்கி பர்சனல் லோனுக்காக இரவு 8.15-க்கு வசூல் அழைப்பு. சரியா?

2. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடனுக்காக மாலை 6.30-க்கு அழைப்பு. சரியா?

3. நண்பரின் கடனுக்கு நீங்கள் ரெஃபரன்ஸ். "அவர் கட்டலை, நீங்க கட்டுங்க" என்கிறார்கள். கட்ட வேண்டுமா?

4. டி.என்.டி. பதிவு செய்த பிறகும் கிரெடிட் கார்டு விளம்பர அழைப்பு வந்து நாலு நாள் ஆகிறது. இப்போது புகார் செய்யலாமா?

5. வாட்ஸ்அப் வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், கைது செய்யாமல் இருக்க பணம் கேட்கிறார். என்ன செய்வது?

விடைகள்:

1. தவறு. 7 மணிக்குப் பிறகு கூடாது.

2. தவறு. குழுக் கடனுக்கு எல்லை 6 மணி.

3. வேண்டாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே பொறுப்பு.

4. செய்யலாம். 7 நாள் அவகாசம் உண்டு, 1909.

5. மோசடி. அழைப்பைத் துண்டியுங்க. பணம் போயிருந்தால் 1930, போகவில்லை என்றால் சக்ஷு.

ஐந்தில் மூன்றுக்கு மேல் சரி என்றால், இந்தப் பாடத்தை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும், புதிதாக போன் வாங்கிய பிள்ளைகளுக்கும் நீங்களே சொல்லித் தரலாம்.

கடன் தொல்லையால் மனம் உடைந்து போயிருந்தாலோ, பக்கத்தில் யாராவது அப்படி இருப்பதாகத் தோன்றினாலோ, உடனே 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்க. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. தவணை தவறியவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பாக்கியைக் கட்ட வழி தேடலாம், கால அவகாசம் கேட்கலாம். மரியாதையாகப் பேசும்படி வசூலிக்க வருபவரிடம் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.